பரன் பகுதியில் கேரன் போனவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில், பரன் சுண்ணாம்புக்கல் மேட்டுக்குள் இருக்கும் கேரன் என்ற குட்டிக் கிராமத்துக்கு மே மாதம் அம்மாவோடு போகலாம் என்று இருக்கிறேன். ஊர் என்று சொன்னாலும் கொஞ்சம் வீடுகள்தான், ஆனால் பக்கத்திலேயே இருக்கும் டர்லாக் ஏரிக்காகவே போக ஆசை: மழைக்காலத்தில் நிலத்தடி நீர் பாறைத் துளைகள் வழியாக மேலே வந்து ஏரியாகிவிடும், கோடையில் அதே துளைகளில் இறங்கிப்போக, அங்கே மாடு மேயும். மே கடைசியில் போனால் தண்ணீர் இருக்குமா, புல்வெளிதானா? நீல ஜென்ஷியன் பூ அதுவரை நிற்குமா?

அப்புறம் முக்கியமான கேள்வி. எங்களிடம் கார் இல்லை. கால்வேயிலிருந்து 350 பஸ்ஸில் பாலிவாகன் வரை வந்துவிடலாம், அதற்கு மேல் டாக்சி கிடைக்குமா? வழியில் பூல்னாப்ரோன் கல்திட்டையையும் பார்க்க வேண்டும், 5000 ஆண்டுக்கு மேல் பழையது, முப்பது பேருக்கு மேற்பட்டவர்களின் எலும்புகள் கிடைத்த இடம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்தப் பாறை வெடிப்புகளுக்கு நடுவே அவரால் நடக்க முடியுமா என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.