ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் ஹேமடைட் ஒடுக்கம் 60 சதவீதத்தில் நின்றுபோகிறது. ஏன்?

கேள்வி
ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கி (ஒடுக்கி) இரும்பாக்கப் பார்க்கிறேன். சிறிய ஆர்க் (மின்வில்) உலை. நீர் ஓடும் செப்பு அடித்தட்டு, டங்ஸ்டன் எலக்ட்ரோடு, 200 ஆம்பியர், அறையின் கொள்ளளவு 15 லிட்டர். ஆர்கானில் 10% ஹைட்ரஜன் கலந்த வாயுவை 900 மில்லிபார் வரை நிரப்பி, ஒரு நிமிடம் ஆர்க் கொடுத்து, பம்ப் போட்டு வெளியேற்றி, மறுபடி நிரப்புகிறேன். 6 முறை ஆகிவிட்டது. 10 கிராம் ஹேமடைட் 8.2 கிராமுக்கு வந்திருக்கிறது. ஆக்சிஜன் முழுதும் போனால் 7 கிராம் வர வேண்டும். கரண்டைக் கூட்டினாலும் மாற்றமில்லை. எலக்ட்ரோடு முனை வேகமாகத் தேய்கிறது, உருகல் சிதறுகிறது. கட்டியில் காந்தம் நன்றாக ஒட்டுகிறது.

பதில் 1
முதலில் ஹைட்ரஜன் கணக்கைப் பாருங்கள். 10 கிராம் ஹேமடைட்டை முழுக்க இரும்பாக்க 0.188 மோல் ஹைட்ரஜன் வேண்டும். உங்கள் அறை ஒரு முறை நிரம்பினால் இருப்பது சுமார் 0.055 மோல்தான். அதையும் முழுதாகப் பயன்படுத்த முடியாது: உருகிய வுஸ்டைட்டோடு (பாதி ஒடுங்கிய இரும்பு ஆக்சைடு, FeO) ஹைட்ரஜன் சமநிலைக்கு வரும்போது அதில் பாதிகூட நீராவியாகியிருக்காது. ஆறு முறையில் 0.33 மோல் கொடுத்து 0.113 மோல் வேலை வாங்கியிருக்கிறீர்கள், அதாவது சுமார் 34 சதவீதம். இது மோசமில்லை. வாயுதான் போதவில்லை. கரண்டைக் கூட்டினால் நடப்பது இரும்பு ஆவியாவதுதான். அறைச் சுவரில் கறுப்புத் தூள் படிகிறதா என்று பாருங்கள்; படிந்தால் எடைக் குறைவில் ஒரு பகுதி ஆக்சிஜன் இல்லை.

காந்தத்தை நம்பாதீர்கள், மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடும் (Fe₃O₄) ஒட்டும். கட்டியைக் குறுக்கே அறுத்துப் பாலிஷ் செய்து மைக்ரோஸ்கோப்பில் வையுங்கள். வெளிர் இரும்புக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் அது வுஸ்டைட்.

பதில் 2
கணக்கு சரி. ஆனால் அடிப்பக்கத்தையும் கவனியுங்கள். செப்பைத் தொடும் அடுக்கு உருகாமல் உறைந்தே கிடக்கும், ஆர்க்கைப் பார்க்கவே பார்க்காது. ஒவ்வொரு நிரப்பலுக்கும் கட்டியைப் புரட்டிப் போடுங்கள். இதைச் செய்யாமல் எத்தனை முறை நிரப்பினாலும் அடியில் ஆக்சைடு மிஞ்சும்.

சிதறலுக்கும் முனை தேய்வதற்கும் வேர் ஒன்றே. ஹேமடைட் சூடானதும் தானாகவே ஆக்சிஜனை விட்டு மேக்னடைட்டாகிறது. அந்த வாயு உருகலுக்குள்ளிருந்து குமிழியாக வெடிக்கிறது. வெளிவந்த ஆக்சிஜனும் நீராவியும் சுடும் டங்ஸ்டனை ஆவியாகும் ஆக்சைடாக அரிக்கின்றன. தெறித்த இரும்பு முனையில் ஒட்டினால் கலவையாகி இன்னும் தாழ்ந்த வெப்பத்தில் உருகிவிடும். ஆகவே ஹேமடைட்டை 110 டிகிரியில் உலர்த்தி, குழாய் உலையில் 700 டிகிரி அளவில் ஹைட்ரஜன் ஓட்டி, ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கையாவது எடுத்துவிட்டு ஆர்க்குக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. பக்கத்தில் எடை தெரிந்த சிறு இரும்புத் துண்டு வைத்து அதில் ஆர்க் பற்றவைத்து மெல்ல நகர்த்துங்கள்.

இன்னொன்று: ஆர்கானைச் சுத்தப்படுத்த முதலில் டைட்டானியம் உருக்கும் வழக்கம் இருந்தால், ஹைட்ரஜன் இருக்கும்போது வேண்டாம். அது ஹைட்ரஜனை உறிஞ்சி, ஆறியதும் நொறுங்கும்.

கேள்வி கேட்டவர்
நன்றி. பார்வைக் கண்ணாடியில் நீர்த்துளி படிவதும் இதனால்தானா? நிரப்புவதை விட்டுத் தொடர்ந்து வாயு ஓட்டலாமா? டைட்டானியம் ஆக்சைடுக்கும் இதே முறை ஆகுமா?

பதில் 1
ஆம், அது உங்கள் ஒடுக்கத்தில் உண்டான நீர்தான். முழு 10 கிராமுக்கும் 3.4 கிராம் நீர் வரும். அடுத்த நிரப்பலுக்கு முன் பம்ப்பை நீண்ட நேரம் ஓடவிடுங்கள், இல்லையென்றால் அதே நீராவி மறுபடி ஆக்சிஜன் கொடுக்கும்.

வாயு ஓட்டுவது நல்லது. நிமிடத்துக்கு 5 லிட்டர் கலவை என்றால் ஹைட்ரஜன் அரை லிட்டர். கால் பங்கு பயன்பட்டால் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஹைட்ரஜன் பங்கைக் கூட்டி அவசரப்பட வேண்டாம்: அதே கரண்டுக்கு ஆர்க் வோல்டேஜ் ஏறும், பவர் சப்ளை தாங்காமல் ஆர்க் அணையும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பற்றும். வெளியேறும் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகட்டும். ஆர்கானால் நன்றாகக் கழுவிய பிறகே அறையைத் திறங்கள்.

டைட்டானியத்துக்கு ஆகாது. ஆர்க்கில் மூலக்கூறு பிளந்து உண்டாகும் அணு ஹைட்ரஜனின் ஒடுக்கும் வலிமை காகிதத்தில் பெரிது. ஆனால் உருகலை ஒட்டிய குளிர்ந்த வாயு அடுக்கில் அணுக்கள் மூலக்கூறாகச் சேர்ந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த கீழ் ஆக்சைடு வரை இறங்கும், உலோகம் வராது.