வாடகை ஃபிளாட்ல வருஷம் முழுக்க பண்டிகை அலங்காரம்: ஆணி அடிக்காம, பிளாஸ்டிக் வாங்காம எப்படி பண்றீங்க?

மாடிவீட்டு_மல்லி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க சென்னையில வாடகை ஃபிளாட்ல இருக்கோம், ரெண்டு பெட்ரூம், சாமான் வைக்க இருக்கிறது ஒரே ஒரு லாஃப்ட், சுவத்துல ஒரு ஆணி கூட அடிக்கக்கூடாதுன்னு ஹவுஸ் ஓனர் கண்டிஷனா சொல்லிட்டார். எனக்கு பண்டிகைன்னா அது வாசல்லயே தெரியணும், பசங்க ஸ்கூல் விட்டு வந்து கதவைப் பாத்ததுமே இன்னைக்கு என்ன விசேஷம்னு சொல்லணும், நாங்க வளர்ந்த வீடெல்லாம் அப்படித்தானே இருந்துச்சு. ஆன்லைன்ல தேடினா பொங்கலுக்கும் அதே பிளாஸ்டிக் சாமந்தி சரம், தீபாவளிக்கும் அதே சரம், வரலட்சுமி நோன்புக்கும் அதேதான், கூட ஒரு ஸ்டிக்கர் கோலம். அதை வாங்கி மாட்ட எனக்கு மனசே வரல. மாமியார் அவங்க கொலு பொம்மை ஒரு பெட்டி நிறைய கொடுத்திருக்காங்க, அதையும் எப்படி பத்திரமா வைக்கிறதுன்னு தெரியணும். சின்ன வீட்ல இருந்துகிட்டு வருஷம் முழுக்க செய்றவங்க யாராச்சும் கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.

கொங்கு_அம்மணி

மல்லி, முதல்ல ஆணி பிரச்சனைய முடிச்சிடலாங்க. ஸ்பிரிங் வெச்ச கர்ட்டன் ராடு கடையில கிடைக்கும், வாசல் நிலைக்கு ரெண்டு பக்கமும் இறுக்கி நிக்கும், ஆணி, பசை எதுவும் வேண்டாம். தோரணம், மாலை, ஸ்டார், வேப்பிலை எல்லாமே அதுல தொங்கும். ஒட்டுற ஹூக் வாங்காதீங்க, டிஸ்டெம்பர் அடிச்ச சுவர்ல ஒட்டினா எடுக்கும்போது பெயின்ட்டோட பேர்த்துக்கிட்டு வரும், அப்புறம் அட்வான்ஸ்ல பிடிப்பாங்க.

அலங்காரத்துக்குன்னு நான் காசு கொடுத்து வாங்கி வெச்சிருக்கிறது ரொம்ப கம்மிங்க, ஒரு பித்தளை உருளி, ரெண்டு குத்துவிளக்கு, ஒரு மூங்கில் தட்டு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் அந்தந்த மாசம் என்ன பூக்குதோ காய்க்குதோ அதுதான், அதனாலதான் ஒரு பண்டிகை மாதிரி இன்னொண்ணு இருக்காது. எங்க பக்கம் போகி அன்னைக்கு சாயங்காலம் காப்பு கட்டுவோம், வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூணையும் ஒரு கொத்தா சேத்து வாசல்ல கட்டறது, சில வீட்ல மாவிலை, பெரண்டையும் சேப்பாங்க. தோட்டம் இருக்கறவங்க காட்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கட்டுவாங்க. கோயமுத்தூர்ல போகிக்கு மொதநாளே ரோட்டோரமா கட்டு கட்டா வெச்சு விப்பாங்க. பச்சை, மஞ்சள், வெள்ளை மூணும் சேந்து நிக்கிற அழகுக்கு எந்த பிளாஸ்டிக்கும் கிட்ட வராதுங்க. ஆவாரம்பூ ரெண்டு நாள்ல வாடிப்போகும், ஆனா பூளைப்பூ காஞ்சாலும் வெள்ளையாவே நிக்கும், நான் தை மாசம் முடியற வரைக்கும் எடுக்கவே மாட்டேன்.

சித்திரை ஒண்ணுக்கு கனி வைக்கறது. மொதநாள் ராத்திரியே மூங்கில் தட்டுல மாம்பழம், வாழைப்பழம், பலாச்சுளை, வெத்தலை பாக்கு, கொஞ்சம் நகை, காசு வெச்சு பின்னாடி கண்ணாடி சாத்தி வெச்சிட்டு படுத்துக்குவோம், காலையில எந்திரிச்சதும் அதுல கண்ணு முழிக்கணும். அந்த நேரத்துல சரக்கொன்றை ரோட்டோரமெல்லாம் பூத்துக் கெடக்கும், ஒரு கொத்து பறிச்சு தட்டுல வெச்சா போதும்ங்க. பசங்கள கண்ண மூடிக் கூட்டிட்டு வந்து தட்டு முன்னாடி நிறுத்துங்க, அது அவங்களுக்கு மறக்காது.

படிக்கட்டு_பட்டு

மாமியார் கொடுத்த பொம்மைன்னா பெரும்பாலும் மண் பொம்மையா இருக்கும், அதனால முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், ஈரத்துணியால துடைச்சிடாதீங்கோ! பழைய பொம்மைகள்ல வாட்டர் கலர்தான் அடிச்சிருப்பா, கையோட வந்துடும். காஞ்ச பெயின்ட் பிரஷ், மெல்லிசான முடி உள்ளது, அதால மடிப்பு மடிப்பா தூசி தட்டணும், மூக்கு, விரல், கிரீட நுனி இதெல்லாம் ரொம்ப மெதுவா. எடுத்து வைக்கும்போது நேரடியா நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்கோ, மை ஒட்டிக்கும். பழைய பருத்தி வேஷ்டிய கிழிச்சு முதல்ல அதுல சுத்தி, அதுக்கு மேல பேப்பர். கனமானது அடியில, பூச்சி வராம இருக்க ரெண்டு துண்டு வசம்பு, காஞ்ச வேப்பிலை. பெட்டி மேல உள்ள என்ன இருக்குன்னு எழுதி ஒட்டிட்டா அடுத்த வருஷம் எல்லாத்தையும் பிரிச்சுத் தேட வேண்டாம்.

சின்ன ஃபிளாட்டுக்கு மூணு படி தாராளம். ஒத்தைப்படையா இருந்தா சரி, ஒன்பதுதான் கொலு, மூணு கொலு இல்லைன்னு எந்த சாஸ்திரமும் சொல்லலை. இரும்புப் படி வாங்கி லாஃப்ட்ட அடைக்காதீங்கோ, வீட்ல இருக்கிற டிரங்குப் பெட்டி, ஸ்டூல், தடி தடியான புஸ்தகம் இதையே அடுக்கி மேல வெள்ளை வேஷ்டி விரிச்சு ஓரத்துல குண்டூசி குத்திட்டா படி ரெடி. மேல்படியில கலசமும் மரப்பாச்சி ஜோடியும். மரப்பாச்சி இல்லைன்னா மறக்காம ஒரு ஜோடி வாங்கிடுங்கோ, அதுக்கு ஒவ்வொரு வருஷமும் புதுசா ஜரிகைத் துணி சுத்தி விடற வேலைய பசங்ககிட்ட கொடுத்துடுங்கோ. கீழ தரையில பார்க். ஒரு வாரம் முன்னாடியே தட்டுல மண் பரப்பி கேழ்வரகும் கடுகும் தூவி தண்ணி தெளிச்சு வச்சா, கொலு வைக்கிற அன்னைக்கு பச்சைப் பசேல்னு இருக்கும்.

வருஷத்துக்கு ஒரு புது பொம்மைன்னு வாங்கறதா இருந்தா மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்கு போங்கோ, நவராத்திரி சமயம் தெரு ரெண்டு பக்கமும் கடைதான். பேப்பர் கூழ் பொம்மை லேசு, விழுந்தாலும் சட்டுனு உடையாது, லாஃப்ட்ல வைக்க வசதி. ஆனா முகத்துல உயிர் இருக்கிறது மண் பொம்மையிலதான், நான் அதைத்தான் வாங்குவேன்.

குமரி_வாசல்

நாங்க நாகர்கோவில் பக்கம், கிறிஸ்தவ குடும்பம். பட்டு அம்மா சொன்ன கேழ்வரகு ஐடியாவதான் நாங்க கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பண்ணுவோம், தட்டுல முளைக்க வச்ச புல்லுதான் குடிலுக்கு முன்னால வயல். பழுப்பு பேப்பர கசக்கி கொஞ்சம் பச்சை, கறுப்பு பெயின்ட் தொட்டு விட்டா மலை ரெடி, கூரைக்கு வைக்கோல். குடிலுக்குள்ள வைக்கிற சொரூபம், அதாவது சிலைங்க வேணும்னா மதுரை பக்கத்துல விளாச்சேரின்னு ஒரு ஊர் இருக்கு, கொலு பொம்மை செய்ற அதே குடும்பங்கள்தான் கிறிஸ்துமஸ் குடில் செட்டும் செய்றாங்க, மண்ணுல செஞ்சது, அவ்வளவு நேர்த்தியா இருக்கும். பாலன் இயேசுவ மட்டும் நாங்க முதல்லயே வைக்க மாட்டோம், 24ஆம் தேதி ராத்திரி பூசை முடிஞ்சு வந்துதான் வீட்ல சின்னப் பிள்ளை கையால வைக்கிறது. ஜனவரி 6 மூணு ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கும்.

ஸ்டார் கடையில வாங்காதீங்க. மூங்கில் சிம்பு, பட்டம் விடற பேப்பர், மைதா பசை, நூலு, இவ்வளவுதான் வேணும். அஞ்சு முனை வர்ற மாதிரி ரெண்டு சட்டம் கட்டி நடுவுல குச்சி கொடுத்து உப்ப வச்சு பேப்பர் ஒட்டி, உள்ள ஒரு சின்ன எல்இடி பல்பு. டிசம்பர் பிறந்ததும் கட்டிடுவோம். நீங்க எந்த மதமா இருந்தாலும் பசங்களோட உக்காந்து ஒரு தடவை செஞ்சு பாருங்க, கார்த்திகைக்கு பால்கனில தொங்க விட்டாலும் சூப்பரா இருக்கும்.

பனையோலை

நான் யாழ்ப்பாணம். ராடு நல்ல யோசனை. எங்கட பக்கம் தோரணத்துக்கு மாவிலையோட தென்னங்குருத்தும் சேர்த்துத்தான் கட்டுறது. குருத்தோலையில குருவி மடிக்கேக்க ஒண்டு கவனியுங்கோ, நல்ல காரியத்துக்கு நாலு குருவி, தலை மேல பாத்தபடி இருக்கோணும், செத்தவீட்டுக்குத்தான் மூண்டு குருவி, தலை கீழ. பிள்ளையளுக்கு இதைச் சொல்லிக் குடுங்கோ, இப்ப கன பேருக்குத் தெரியாது. வருசப்பிறப்பு, தைப்பொங்கல் எதுவா இருந்தாலும் வாசலில ஒரு நிறைகுடம் வைக்கலாம், வாழையிலையில நெல்லுப் பரப்பி, குடம், மாவிலை, மேல முடித்தேங்காய், ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. ஒரு சின்ன மேசை போதும், இடமே தேவையில்லை.

மாடிவீட்டு_மல்லி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ராடு இன்னைக்கே வாங்கப் போறேன். இன்னும் ஒண்ணு கேக்கலாமா, எங்க காரிடார் டைல்ஸ், கோலமாவு போட்டா காத்துல பறந்து பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகுது, காலையில கூட்டுறவங்களும் பத்து நிமிஷத்துல அழிச்சிடறாங்க. மார்கழி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டாம கோலம் போட வழி இருக்கா?

பூசணிப்பூ

திருநெல்வேலிக்காரி சொல்றேன், மணையில போடுங்க! ஒரு மரப்பலகை, ரெண்டடிக்கு ரெண்டடி இருந்தா போதும். பச்சரிசிய ரெண்டு மணி நேரம் ஊறவச்சு மையா அரைச்சு மோர் பதத்துக்குக் கரைச்சுக்கோங்க. சின்னத் துணித் துண்ட அதுல முக்கி உள்ளங்கையில வச்சு லேசா அழுத்துனா, மாவு மோதிர விரல் வழியா வடிஞ்சு இழையா விழும். போடும்போது கோடு மங்கலாத்தான் தெரியும், காயக் காயத்தான் வெள்ளை ஏறும், அதனால தெரியலையேன்னு மேல மேல போடாதீங்க. ஓரத்துல காவி பூசினா எடுப்பா இருக்கும், ஆனா அதை பலகையில மட்டும் பூசுங்க, வெள்ளை மார்பிள்ல பட்டா கறை போகாது. பலகை காத்துல பறக்காது, கூட்டும்போது நிமித்தி வச்சிடலாம். மறுநாள் ஈரத்துணியால துடைச்சா வேற கோலம். கோகுலாஷ்டமிக்கும் இதே மாவுதான், கைய மூடி பக்கவாட்டுல ஒரு அழுத்து, மேல விரல் நுனியால அஞ்சு பொட்டு, கண்ணன் பாதம் வந்துடும், வாசல்ல இருந்து பூஜை ரூம் வரைக்கும் பசங்களையே வைக்கச் சொல்லுங்க.

மார்கழிக்கு கோலத்து நடுவுல சாணி உருண்டையில பூசணிப்பூ வைக்கணும், அது இல்லாம எனக்கு மார்கழியே இல்லை. எங்க ஊர்ல அந்தப் பூவையெல்லாம் தினம் சேர்த்து வறட்டியா தட்டி வச்சிருந்து, தை மாசம் பிள்ளைங்க சின்னதா வீடு கட்டி வைக்கிற சிறுவீட்டுப் பொங்கல் அன்னைக்கு பிள்ளைங்க கொண்டுபோய் தாமிரபரணியில விடுவோம். சென்னையில பால் வாங்குற இடத்துல மாடு இருந்தா சாணி கேளுங்க, கொடுப்பாங்க. இல்லைன்னா மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு அதுல பூவ சொருகிடுங்க. பூசணிப்பூ காலையில விரியும், வெயில் ஏறினா சுருங்கிடும், அதனால ஆறு மணிக்குள்ள வச்சிடணும். விதைய ஆவணி கடைசியிலயே பால்கனி தொட்டியில போட்டுடுங்க, மார்கழிக்கு பூ வீட்லயே கிடைக்கும். ஆண்பூவ மட்டும் பறிங்க, பெண்பூவுக்கு அடியில குட்டிக் காய் இருக்கும், அத விட்டுடுங்க.