மேரி விண்ட்சர்: உயரம்தான் வாய்ப்பைக் கெடுத்ததா?

கறுப்புவெள்ளை:
இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘தி கில்லிங்’ (1956) படத்தில் ஷெர்ரியாக வரும் ஹாலிவுட் நடிகை மேரி விண்ட்சரைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. 5 அடி 9 அங்குல உயரம்தான் அவரைப் பெரிய ஹீரோயின் ஆகவிடவில்லை என்கிறார்களே, நிஜமா? ஹீரோவை ஒரு பெட்டி மேல் ஏற்றி நிற்க வைத்தால் தீர்ந்ததே? அடுத்து அவருடைய எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

டூரிங்டாக்கீஸ்:
பெட்டி நிற்கிற ஷாட்டுக்கு மட்டும்தான் உதவும். ஆப்பிள் பாக்ஸ் என்பார்கள். முழுசு 8 அங்குல உயரம், அரை 4, கால் 2, பான்கேக் 1. ஹீரோ இரண்டு அங்குலம் குட்டை என்றால் காலடியில் ஒரு கால் பெட்டி, ஃபிரேம் இடுப்புக்கு மேலே. வேலை முடிந்தது. ஆனால் அவர் ஓர் அடி எடுத்து வைத்தால் தலை சட்டென்று கீழே இறங்கும், குட்டு வெளிப்பட்டுவிடும். நீளமாகப் பலகை போட்டு நடக்கவிட்டால் ‘டொக் டொக்’ என்று காலடிச் சத்தம் மைக்கில் விழும், தலை முதல் கால் வரை தெரியும் ஃபுல் ஷாட்டும் வைக்க முடியாது.

நடனம் என்றால் இது எதுவுமே எடுபடாது. ‘அவுட்போஸ்ட் இன் மொராக்கோ’வில் (1949) ஜோடி அவரைவிடக் குட்டையான ஜார்ஜ் ராஃப்ட். டாங்கோ என்ற ஜோடி நடனத்தை முழங்காலை மடக்கிக்கொண்டே ஆடினதாக விண்ட்சரே சொல்லியிருக்கிறார். ராஃப்ட் நடனத்தையே தொழிலாகக் கொண்டு வந்தவர் என்பது கூடுதல் கொடுமை.

ஆக, உயரம் ஒரு காரணம்தான். ஆனால் பழியை முழுக்க அதன் மேல் போட மாட்டேன். ஜான் கார்ஃபீல்டும் குட்டைதான், அவரோடு நடித்த ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’தான் (1948) விண்ட்சரைக் கவனிக்க வைத்தது. பெரிய கண், மெதுவாக இழுத்துப் பேசும் ஏளனம்... ஸ்டுடியோக்காரர்களுக்கு அதில் வில்லிதான் தெரிந்தாள். குப்ரிக் எதையும் மறைக்கவில்லை. எலிஷா குக் ஜூனியர் போன்ற சின்ன உருவத்தைப் புருஷனாகப் போட்டார். அந்த வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது இருவரும் சேர்ந்து நிற்கும்போதே தெரிந்துவிடுகிறது.

ரீல்பெட்டி:
அடுத்து ‘தி நாரோ மார்ஜின்’. 71 நிமிடம்தான். கதையை எங்கேயும் படித்துவிடாதீர்கள், அவர் பாத்திரத்தில்தான் முடிச்சே இருக்கிறது. 13 நாளில் எடுத்த படம். ரயில் பெட்டி செட்டைத் தரையோடு இறுக்கிவிட்டுக் கேமராவைக் கையில் பிடித்து ஆட்டினார்கள். செட்டை ஆட்டும் செலவு மிச்சம். பின்னணி இசையும் கிடையாது, ரயில் சத்தம்தான்.

ஒரு எச்சரிக்கை. ரிலீஸ் தேதியை வைத்து அவர் வாழ்க்கையை வரிசைப்படுத்தினால் தப்பாகும். இந்தப் படம் 1950-இல் எடுத்தது. ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ முதலாளி ஹோவர்ட் ஹியூஸ் படப்பெட்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டதால் 1952-இல்தான் வெளிவந்தது. நல்ல பெயர் வாங்கித் தரவேண்டிய நேரத்தில் படம் அலமாரியில் தூங்கியது. உயரத்தைவிட இதுதான் பெரிய அடி என்பேன்.

சேலத்துக்காரன்:
நம்மூர்ப் படத்தை விட்டுவிட்டீர்களே! ‘தி ஜங்கிள்’ (1952), தமிழில் ‘காடு’. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அமெரிக்காவின் லிப்பர்ட் கம்பெனியோடு சேர்ந்து, இந்தியாவிலேயே எடுத்தது. இயக்கம் வில்லியம் பெர்க், கேமரா ஆஸ்கர் வாங்கிய கிளைட் டி வின்னா. விண்ட்சர் இளவரசி சீதா. எம்.என். நம்பியாரும் இருக்கிறார்.

இதில் முழங்காலை மடக்கும் வேலையே இல்லை. ராட் காமரூன், சீசர் ரொமேரோ இரண்டு பேருமே ஆறடிக்கு மேல். ஆனால் படம் சுமார்தான். யானைக்கு ரோமம் ஒட்டி, அழிந்துபோன ஆதிகால யானையான மாமூத் ஆக்கியிருக்கிறார்கள், அது ஓடும்போது கவனியுங்கள்.

கறுப்புவெள்ளை:
நம்பியாரா! அப்போது முதலில் ‘காடு’தான். விண்ட்சர் வயதான பிறகு நடித்தாரா?

ரீல்பெட்டி:
நடித்தார், டிவியில் நிறைய. 1979-இல் ‘சேலம்ஸ் லாட்’ தொடரில் தங்கும் விடுதி நடத்தும் ஈவா மில்லர் அவர்தான். (பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நம் சேலம் இல்லை.) பிரிந்துபோன புருஷனாக வருவது யார் தெரியுமா? அதே எலிஷா குக். அமெரிக்க நடிகர் சங்க நிர்வாகக் குழுவிலும் 25 வருடம் இருந்தார். 2000 டிசம்பர் 10-இல் இறந்தார், 81 வயதுக்கு ஒரு நாள் பாக்கி.