மடவை மீன் வயிற்றில் ஏன் இவ்வளவு மணல்?

கேள்வி: மடவையை அறுத்துப் பார்த்தால் சிறு மீனோ இறாலோ கிடைப்பதில்லை, சாம்பல் நிறச் சேறும் மணலும்தான். அப்புறம் குடல் வளையம் வளையமாக நீண்டுகொண்டே போகிறது. இது உண்மையில் என்னதான் தின்கிறது?

பதில் 1: சேற்றின் மேல்படலம்தான் அதன் சாப்பாடு. அதில் டயட்டம் என்ற நுண்பாசியும் மக்கிய தாவரத் துணுக்குகளும் நிறைய இருக்கும். தலையைச் சாய்த்து அடிமண்ணை வாயால் உறிஞ்சும். செவுள் வளைவுகளில் நெருக்கமாக இருக்கும் மெல்லிய முட்கள் நுண்துகள்களைப் பிடித்துக்கொள்ள, வேண்டாத மண்ணில் பெரும்பகுதி வெளியே போய்விடும். பாசி குறைவான சத்துள்ள உணவு, செரிக்கவும் நேரமாகும், அதனால்தான் உடலைவிடப் பல மடங்கு நீளமான குடல்.

பதில் 2: மணலுக்கும் வேலை இருக்கிறது. இரைப்பையின் பின்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், கெட்டியான தசை உருண்டையாக இருக்கும், கோழியின் அரைவைப்பை மாதிரி. பாசியின் மேலுறையை மணலோடு சேர்த்து அங்கேதான் அரைக்கிறது. வாயில் பல் பெயருக்குத்தான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது.

பதில் 3: ஒன்று சேர்க்கிறேன், குஞ்சாக இருக்கும்போது இது மிதக்கும் நுண்விலங்குகளைத்தான் தின்னும். கொஞ்சம் வளர்ந்து கரையோர ஆழமற்ற நீருக்கு வந்த பிறகே சேற்றுக்கு மாறும்.

கேள்வி கேட்டவர்: சரி, கண்ணை மூடியிருக்கும் பசை போன்ற படலம்?

பதில் 2: கொழுப்பு இமை. எல்லா மடவைக்கும் அவ்வளவு தடிப்பாக இருக்காது, வரி மடவையில் நன்றாகத் தெரியும்.