பழைய காரில் பியூஸ், ரிலே தேடிய அனுபவங்கள் – உங்களுடையதையும் எழுதுங்கள்

பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ஏதாவது ஒரு நாள் டேஷ்போர்டுக்குக் கீழே தலைகீழாகப் படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு பியூஸ் தேடியிருப்போம். அந்த அனுபவங்கள் ஒரே இடத்தில் இருந்தால் அடுத்து மாட்டிக்கொள்பவருக்கு உதவும். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

என்னுடையது பிளேடு பியூஸ் (தட்டையான இரண்டு கால் உள்ள பிளாஸ்டிக் பியூஸ்) பரவலாவதற்கு முந்தைய ஐரோப்பிய வண்டி. பியூஸுக்குப் பீங்கான் உடம்பு, அதன்மேல் வெளியே தெரியும்படி ஓடும் மெல்லிய உலோகப் பட்டை, இரண்டு முனையும் கூம்பு. இரண்டு பித்தளை நாக்குகள் அதைக் கவ்விப் பிடித்திருக்கும். மஞ்சள் 5 ஆம்பியர், வெள்ளை 8, சிவப்பு 16, நீலம் 25. பிளேடு பியூஸில் நிறக் கணக்கே வேறு: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. பழக்க தோஷத்தில் நிறத்தை மட்டும் பார்த்து மாட்டிவிடாதீர்கள், மேலே எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

கோளாறு என்னவென்றால், நல்ல மழையில் வைப்பர் மெதுவாகி, பாதிக் கண்ணாடியில் நின்றுவிடும். அதே நேரத்தில் ஹாரனும் கம்மிப்போகும். கொஞ்ச நேரம் கழித்து இரண்டும் தானாகவே சரியாகிவிடும். இரண்டும் சேர்ந்தே படுத்தது நல்ல துப்பு. வைப்பர் மோட்டாரும் ஹாரனும் ஒரே நாளில் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு, அதனால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும். கையேட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே பியூஸ்.

கழற்றிப் பார்த்தேன், பட்டை முழுசாக இருந்தது. மல்டிமீட்டரில் தொடர்ச்சி (கரண்ட் போக வழி இருக்கிறதா என்று) பார்த்தால் ‘பீப்’ என்றது. திரும்ப மாட்டி இக்னிஷன் போட்டு அளந்தால் பியூஸின் இரண்டு பக்கமும் 12.4 வோல்ட். இந்த இடத்தில்தான் பலர் ‘பியூஸ் நல்லாத்தான் இருக்கு’ என்று மூடிவிட்டு மோட்டாரைக் கழற்றப் போவார்கள். நான் வைப்பரை ஓடவிட்டு மறுபடி அளந்தேன். பேட்டரி வரும் பக்கம் 12.1, வைப்பருக்குப் போகும் பக்கம் 9 சொச்சம். கரண்ட் ஓடாதபோது தெரியாத தடை, ஓடும்போது மூன்று வோல்ட்டை விழுங்கிக்கொண்டிருந்தது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்தி நகர்த்தி அளந்ததில், இழப்பு பியூஸுக்குள் இல்லை, கூம்பு முனை பித்தளை நாக்கைத் தொடும் புள்ளியில் என்று தெரிந்தது. விரலால் பியூஸை அதன் இடத்திலேயே லேசாகத் திருகினேன், கண்முன்னே வைப்பர் வேகம் பிடித்தது.

பித்தளையில் படிந்திருந்த களிம்புதான் காரணம். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, நைசான உப்புத்தாளை உருட்டி நாக்குகளைத் தேய்த்து, லேசாக உள்பக்கம் வளைத்துப் பிடிப்பை இறுக்கி, அலுமினியப் பட்டைக்குப் பதில் செம்புப் பட்டை உள்ள புதிய பியூஸ் போட்டேன். அந்த வரிசையில் இருந்த எல்லாவற்றுக்கும் அதே வைத்தியம் செய்தேன். பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியாது, வேலை செய்துகொண்டிருக்கும்போது இரண்டு பக்கமும் அளந்தால்தான் தெரியும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

* * *

நல்ல தொடக்கம் சார். பியூஸ் பெட்டி எங்கே இருக்கும் என்பது பற்றி என் பங்குக்குக் கொஞ்சம்.

ஓட்டுநர் கால் பக்கம், கையுறைப் பெட்டிக்குப் பின்னால், பானெட்டுக்குள் பேட்டரியை ஒட்டி, சில வண்டிகளில் பின்சீட்டுக்குக் கீழே, சிலவற்றில் டிக்கியின் பக்கச்சுவரில். ஒரே வண்டியில் இரண்டு மூன்று பெட்டிகள் இருப்பதும் உண்டு. ஆனால் பலமுறை கை மாறிய பழைய காரில் கையேட்டை மட்டும் நம்ப முடியாது. இடையில் யாரோ ஸ்டீரியோ, பனிவிளக்கு, அலாரம் என்று மாட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒயரின் நடுவிலேயே ஒரு தனி பியூஸ் இருக்கும், அதன்மேல் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். என் காரில் அப்படி ஒன்று கார்பெட்டுக்கு அடியில் கிடந்தது. இதற்கு ஒரே வழி, பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் எத்தனை ஒயர் மாட்டியிருக்கிறது என்று எண்ணி, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கையால் தடவிக்கொண்டே போவதுதான். பார்த்ததை ஒரு தாளில் வரைந்து பியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.

* * *

என் அனுபவம் ரிலேயோடு, அதாவது சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் சுவிட்சோடு. இன்ஜின் சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்திவிட்டுக் கால்மணி நேரம் கழித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கதவுகளைத் திறந்துவைத்துக் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடும். காலையில் ஒரு நாளும் தகராறு செய்ததில்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோய் நிறுத்தும்போதெல்லாம் வண்டி சமர்த்தாக இருக்கும், அவரும் பாவம் என்னதான் செய்வார்.

துப்பு காதில்தான் கிடைத்தது. இன்ஜெக்‌ஷன் வண்டி என்பதால் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் ஓரிரு வினாடி ‘ம்ம்’ என்று முனகி நிற்கும். அடம்பிடிக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் இல்லை. பம்புக்கான பியூஸ் நன்றாக இருந்தது, மிச்சம் ரிலே.

ரிலே பற்றித் தெரியாதவர்களுக்கு: அடியில் உள்ள கால்களில் 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் காயிலுக்கு, அதாவது கம்பிச் சுருளுக்கு. 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 என்பது வேலை செய்யும் கருவிக்குப் போவது. காயிலில் சிறு கரண்ட் போனால் அது காந்தமாகி 30ஐயும் 87ஐயும் சேர்த்துவைக்கும். ஐந்தாவது காலாக 87ஏ இருந்தால், ரிலே ஓய்வில் இருக்கும்போது 30 அதனோடு சேர்ந்திருக்கும். கழற்றிச் சோதிப்பது எளிது. 85க்கும் 86க்கும் நடுவே மல்டிமீட்டரில் சுமார் 50 முதல் 120 ஓம் காட்ட வேண்டும். அவற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ‘டிக்’ சத்தம் வந்து 30க்கும் 87க்கும் தொடர்ச்சி வர வேண்டும்.

என் ரிலேயில் கால்கள் கொஞ்சம் கூடுதல், எண்ணும் வேறு, ஆனால் தத்துவம் இதேதான். மேஜையில் வைத்துச் சோதித்தபோது எல்லாத் தேர்விலும் பாஸ். அப்புறம்தான் யோசித்தேன், சூட்டில் வரும் கோளாறைக் குளிர்ந்த ரிலேயில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? முடி உலர்த்தும் ட்ரையரால் கொஞ்ச நேரம் சூடேற்றிவிட்டு மறுபடி 12 வோல்ட் கொடுத்தேன். ‘டிக்’ வரவில்லை. மூடியைச் சிறிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, அடிப்பலகையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு காலைச் சுற்றி ஈயப்பற்றில் தலைமுடி கனத்தில் வட்டமாக ஒரு விரிசல். நேராகப் பார்த்தால் கண்ணில் படாது, சாய்க்கும்போது மட்டும் கறுப்பு வளையமாகத் தெரிந்தது. வருஷக்கணக்கில் சூடாகிக் குளிர்ந்து ஈயம் விட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் விரியும்போது அந்த இடைவெளி திறந்துகொள்ளும்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்ததும் கோளாறு போய்விட்டது. அந்த விரிசலைக் கண்டுபிடித்த நிமிஷம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பம்பையே மாற்றச் சொல்லியிருந்தார்கள்.

* * *

ரிலே என்றதும் எல்லோரும் செய்வது, பக்கத்தில் இருக்கும் ஹாரன் ரிலேயைப் பிடுங்கி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. நல்ல யோசனைதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. பார்க்க ஒன்றுபோல் இருக்கும் நான்கு கால் ரிலேக்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் 30 இருக்கும் இடத்தில் மற்றதில் 86 இருக்கும். மேலே அச்சிட்ட படத்தை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். காயிலுக்குக் குறுக்கே டயோடு (கரண்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) உள்ள ரிலேயாக இருந்தால் 86 பாசிட்டிவ், 85 நெகட்டிவ் என்ற வரிசை மாறக் கூடாது, மாறினால் டயோடு போய்விடும். ‘டிக்’ சத்தம் கேட்டாலே ரிலே நல்லது என்று நினைப்பதும் சரியல்ல, காயில் இழுக்கும், உள்ளே தொடுமுனை கருகியிருக்கும். மஞ்சள் உறை போட்ட ஏர்பேக் ஒயர்களில் டெஸ்ட் லேம்பை எந்தக் காரணத்துக்கும் வைக்காதீர்கள்.

* * *

என் காரில் பின்விளக்கு பியூஸ் அடிக்கடி போகும். எரிந்த பியூஸைத் தூக்கி எறிவதற்கு முன் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், அதுவே பாதிக் கதை சொல்லும். உள்ளே கம்பி நடுவில் மெதுவாக உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் அளவுக்கு மீறிய சுமை. கறுத்துப்போய், உலோகம் தெறித்து ஒட்டியிருந்தால் நேரடி ஷார்ட். என்னுடையது இரண்டாவது ரகம்.

இதற்கு முன் வண்டியை வைத்திருந்தவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? 10 ஆம்பியர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் 30 ஆம்பியர் பச்சையைச் சொருகியிருந்தார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். பியூஸ் இருப்பது விளக்கைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. பெரிய பியூஸ் போட்டால் ஷார்ட் ஆகும்போது முதலில் உருகப்போவது ஒயர், அதுவும் சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்கு அடியில். என் வண்டியில் அந்த ஒயரின் உறை ஒரு சாண் நீளத்துக்கு இறுகி, வளைத்தால் நொறுங்கியது.

ஷார்ட்டைத் தேட ஒவ்வொரு முறையும் புது பியூஸை எரிக்க வேண்டியதில்லை. பியூஸை எடுத்துவிட்டு, அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கரண்ட் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது, ஒயருக்கு ஆபத்தில்லை. பிறகு ஒவ்வொரு கனெக்டராகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, ஷார்ட் அதற்கு அப்பால் இருக்கிறது.

நான் பல்பை ஓட்டுநர் கண்ணாடியில் தெரியும்படி தொங்கவிட்டு, டிக்கி மூடியைத் திறந்து மூடினேன். திறந்தால் எரிகிறது, மூடினால் மங்குகிறது. ஒயர்கள் கீலைத் தாண்டிப் போகும் ரப்பர் குழாயை உரித்துப் பார்த்தால், தினமும் மடங்கி நிமிர்ந்து உறை வெடித்து, செம்பு வெளியே வந்து வண்டியின் உடம்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெறும் டேப் சுற்றாமல், அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, வளையக்கூடிய புது ஒயர் சேர்த்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட்டேன். கதவுக் கீல் பக்கம் போகும் ஒயர்களிலும் இதே கதைதான்.

* * *

ஒரு வாரம் நிறுத்தி வைத்தால் பேட்டரி சோர்ந்துபோகும் வண்டிகளுக்கு இது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்காமலே கரண்ட் கசிவு எந்தப் பாதையில் என்று பார்க்கலாம். பிளேடு பியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து அந்த இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். கரண்ட் ஓடாத பியூஸில் பூஜ்யம், ஓடினால் ஏதாவது காட்டும். எல்லாம் அணைத்த நிலையில் ஒரு 10 ஆம்பியர் பியூஸில் எனக்கு ஒரு மில்லிவோல்ட் வந்தது. 10 ஆம்பியர் பியூஸுக்கு அது ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் கசிவு. முழு வண்டிக்கும் 50க்குள் இருப்பதுதான் நல்லது.

சரி, எது என்று பார்க்க, விடிகாலையில் வண்டி முழுக்கச் சில்லென்று இருக்கும்போது ரிலேக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ஒன்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பழைய பனிவிளக்கு ரிலே. விளக்குகளை யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள், சுவிட்ச் மட்டும் ‘ஆன்’ நிலையிலேயே டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடந்தது. எரிய விளக்கில்லை, ஆனால் காயில் ராத்திரி பகலாகக் கரண்ட் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

* * *

முதலில் எழுதிய நண்பர் சொன்ன வோல்ட்டேஜ் இழப்புதான் பழைய வண்டிகளில் ஹெட்லைட் மங்கலுக்கும் காரணம். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். பல பழைய கார்களில் இரண்டு 55 வாட் பல்புக்கான ஒன்பது ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட், ஸ்டீயரிங் பக்கத்துச் சுவிட்ச் வழியாகவே போகிறது. பேட்டரியிலிருந்து பியூஸோடு தனி ஒயர் இழுத்து, டிம்முக்கு ஒன்று பிரைட்டுக்கு ஒன்று என ரிலே வைத்து, சுவிட்சைக் காயிலை மட்டும் இயக்கவிட்டால் வெளிச்சமும் கூடும், சுவிட்சும் கருகாது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி பியூஸ் வையுங்கள், ராத்திரியில் ஒன்று போனாலும் ஒன்று எரியும்.

* * *

கண்ணாடி பியூஸ் உள்ள பிரிட்டிஷ் வண்டிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. லூகாஸ் (பிரிட்டிஷ் உதிரிபாகக் கம்பெனி) பியூஸில் 35 என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது அதில் பாதி, 17 ஆம்பியர்தான். அதற்குப் பதில், தொடர்ந்து தாங்கும் அளவாக 35 ஆம்பியர் என்று குறித்த பியூஸைப் போட்டால் பாதுகாப்பு பாதியாகிவிடும்.

அப்புறம், எல்லா பியூஸும் நன்றாக இருந்தும் வண்டி முழுக்கச் செத்துக் கிடந்தால் பேட்டரிக்குப் பக்கத்தில் பாருங்கள். பல பழைய கார்களில் அங்கே ‘பியூசிபிள் லிங்க்’ என்ற சிறு துண்டு ஒயர் இருக்கும். அது காக்க வேண்டிய ஒயரைவிட மெல்லியது, உறை மட்டும் எளிதில் தீப்பிடிக்காத வகை. உள்ளே செம்பு உருகிப்போனாலும் வெளியே உறை முழுசாகவே இருக்கும், சில சமயம் லேசாக உப்பியிருக்கும். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்லது விறைப்பாக நிற்கும், போனது ரப்பர் மாதிரி நீளும். அந்த இடத்தில் சாதாரண ஒயரைச் சேர்த்துவிடாதீர்கள், அதே அளவு லிங்க் வாங்கிப் போடுங்கள். போடுவதற்கு முன் அது ஏன் உருகியது என்பதையும் கண்டுபிடித்துவிடுங்கள். என் வண்டியில் ஆல்டர்னேட்டருக்கு (பேட்டரியைச் சார்ஜ் செய்வது) போகும் ஒயர் ஒரு தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது.