ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. இனி பேக்கப் தானாக நடக்க என்ன செய்யலாம்?

பக்கமாக்கி எழுதியது:

வணக்கம். புதுக்கோட்டையில் வீட்டிலிருந்தே டி.டி.பி. வேலை செய்கிறேன். பதினெட்டு வருடமாக இதுதான் தொழில். சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து பக்கமாக்கிக் கொடுப்பேன். இடையில் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர் என்று வரும். பழைய வேலைகள் எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல் இருக்கின்றன, புதியவற்றில் சில இன்டிசைனில்.

போன மாதம் 11ஆம் தேதி காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் உள்ளே சுவர்க்கடிகாரம் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். விண்டோஸ் வந்தது, டி டிரைவ் வரவில்லை. விண்டோஸ் இருக்கும் எஸ்.எஸ்.டி. நன்றாகத்தான் இருக்கிறது. வேலைக் கோப்புகள் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்தான் போய்விட்டது. திருச்சியில் ஒரு ரெகவரி கடையில் காட்டினேன். ஹெட் (டிஸ்கைப் படிக்கும் முனை) போய்விட்டது, 22,000 ரூபாய் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தொகுத்த வட்டாரச் சொற்கள் புத்தகம் இருந்தது. 412 பக்கம், மூன்றாம் மெய்ப்பு முடிந்து அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் பாக்கி. ஐயாவுக்கு வயது 78. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒற்று மிகும் இடம் மிகா இடம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருத்த வைத்தவர். போன் செய்து விஷயத்தைச் சொல்ல எனக்கு அரை நாள் ஆனது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் பஸ் பிடித்து வந்தார். சிவப்பு மையில் திருத்திய தாள் கட்டை மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, “இது இருக்கேம்மா” என்றார்.

இரண்டாம் மெய்ப்பின் பி.டி.எஃப். என் மெயிலில் இருந்தது. அதையும் அந்தத் தாள் கட்டையும் வைத்துத் திரும்பப் பக்கமாக்க 19 நாள் ஆனது. மற்ற பழைய வேலைகளை அந்தந்தப் பதிப்பகங்களிடம் கேட்டு முக்கால்வாசி திரும்ப வாங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைதோறும் பென்டிரைவில் போட்டு வைக்கும் வழக்கம் இருந்தது. ஆடி மாதம் கோயில் மலர் வேலை நெருக்கியதில் ஒரு வாரம் விட்டுப்போனது. அப்புறம் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: நான் மறந்தாலும் நடக்கிற மாதிரி, ஆன்லைனில் தானாகப் பேக்கப் ஆக என்ன வழி?

மொத்தம் 64 ஜிபி. 40 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. ராத்திரி கம்ப்யூட்டரை அணைத்துவிடுவேன். மாதம் 200 ரூபாய் வரை கட்ட முடியும்.

---

கோவைத்தம்பி எழுதியது:

கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலியைப் போட்டு, வேலை ஃபோல்டரைச் சேர்த்துவிடுங்கள் அக்கா. கோப்பைச் சேமித்த உடனே மேலே ஏறிவிடும். இலவசம் 15 ஜிபிதான், அதிலேயே ஜிமெயிலும் போட்டோவும் அடக்கம். 100 ஜிபி திட்டம் மாதம் 130 ரூபாய் அளவில் வரும். உங்களுக்கு அதுவே போதும்.

---

காரைக்குடியான் எழுதியது:

அக்கா, 19 நாள் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை மீட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். முதலில் அதற்கு ஒரு வணக்கம்.

தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் எல்லாம் செய்வது சிங்க். கம்ப்யூட்டரில் இருப்பது அப்படியே மேலேயும் இருக்கும். நீங்கள் தவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் மேலேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அப்புறம் போய்விடும். உங்களைப் போல ஆறு மாதம் தொடாத வேலையைத் திடீரென்று திறக்கிறவர்களுக்கு 30 நாள் என்ன கணக்கு?

ஆடிட்டர் ஆபீஸ்கள் சிலவற்றுக்கும் இரண்டு போட்டோ ஸ்டூடியோக்களுக்கும் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான். 2019-இல் ஓர் ஆபீஸில் பில் என்று வந்த மெயிலைத் திறந்ததில் ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ், புகுந்தது. கோப்புகளை எல்லாம் பூட்டிப் பெயரை மாற்றிவிட்டது. சிங்க் செயலிக்கு அது எப்படித் தெரியும்? கோப்பு மாறியிருக்கிறது என்று மட்டும் பார்த்து, பூட்டிய கோப்புகளை எல்லாம் உடனுக்குடன் மேலே ஏற்றிவிட்டது. பழைய பதிப்புகள் இணையத்தில் இருந்தன. ஆனால் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து முந்தைய பதிப்பை எடுக்க மூன்று பேருக்கு இரண்டு நாள் ஆனது. ஜி.எஸ்.டி. கடைசித் தேதிக்கு நான்கு நாள் இருக்கும்போது.

உங்களுக்கு வேண்டியது, நேற்று இருந்தது, போன வாரம் இருந்தது, நாலு மாதம் முன்னால் இருந்தது என்று தனித்தனியாக எடுத்துவைக்கும் பேக்கப் மென்பொருள். நான் எல்லா இடத்திலும் டுப்ளிகாட்டி போடுகிறேன். இலவசம். முதல் தடவை முழுவதும் ஏறும், அதற்குப் பிறகு மாறிய துண்டுகள் மட்டும் ஏறும். 64 ஜிபி உங்கள் லைனில் கணக்குப்படி மூன்றரை மணி நேரம், நடப்பில் ஒரு பகல் முழுக்க என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அப்லோட் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். சில திட்டங்களில் 40 என்பது டவுன்லோடுக்கு மட்டும் இருக்கும்.

எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஸ்மார்ட் ரிடென்ஷனைத் தேர்ந்தெடுங்கள். கடைசி 7 நாளுக்கு நாளுக்கு ஒன்று, 4 வாரத்துக்கு வாரம் ஒன்று, 12 மாதத்துக்கு மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்றதை அதுவே கழித்துவிடும். நேரத்தை ராத்திரிக்கு வைக்காதீர்கள், நீங்கள் அணைத்துவிடுகிறீர்கள். மத்தியானம் சாப்பிடப் போகும் நேரம்தான் சரி, 1.30 என்று வையுங்கள். எழுந்திரிக்கும்போது பேஜ்மேக்கரை மூடிவிட்டுப் போங்கள். திறந்திருக்கும் கோப்பு சில சமயம் விட்டுப்போகும். அந்த நேரத்தில் கரண்ட் இல்லையென்றாலும் பரவாயில்லை, அடுத்து கம்ப்யூட்டரைப் போட்டதும் விட்ட வேலையை அதுவே எடுத்துச் செய்யும்.

எங்கே ஏற்றுவது? தம்பி சொன்ன 100 ஜிபி திட்டத்தையே டுப்ளிகாட்டிக்குக் கொடுக்கலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்த கார்டு இருந்தால் பேக்பிளேஸ் பி2 என்ற ஆன்லைன் சேமிப்பகம் இன்னும் மலிவு. ஒரு டெராபைட்டுக்கே மாதம் ஆறேழு டாலர்தான், உங்கள் 64 ஜிபிக்கு 50 ரூபாயைத் தாண்டாது.

இன்னொன்று, டி.டி.பி. செய்கிறவர்கள் எல்லாரும் மறப்பது: எழுத்துரு. யூனிகோடுக்கு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் அடித்த பேஜ்மேக்கர் கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான். சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் பட்டியலில் சேருங்கள். கீபோர்டு மென்பொருளின் நிறுவல் கோப்பையும் சேர்த்துவிடுங்கள்.

கடைசியாக, ‘தானாக’ என்ற வார்த்தையைப் பற்றி. என்னுடைய ஒரு ஸ்டூடியோவில் தானாக ஓடிக்கொண்டிருந்த பேக்கப், கட்டணம் கழியும் கார்டு காலாவதியானதில் நின்றுவிட்டது. எச்சரிக்கை மெயில்கள் யாரும் திறக்காத ஒரு முகவரிக்குப் போயின. ஐந்து மாதம் கழித்து டிஸ்க் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு வீட்டுக் கல்யாணப் படங்கள் திரும்பவே இல்லை. ஸ்டூடியோக்காரரோடு நானும் அந்த வீடுகளுக்குப் போனேன். அந்தப் பெண்ணின் அம்மா, “தாலி கட்டின படமாவது இல்லையா?” என்று கேட்டதை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து மாதம் முதல் தேதி ஒவ்வோர் இடத்திலும் ஏதாவது ஒரு கோப்பை மேலேயிருந்து இறக்கித் திறந்து பார்த்துவிட்டுத்தான் சம்பளமே வாங்குகிறேன். நீங்களும் அப்படி ஒன்றைத் திறந்து பார்க்காத வரை பேக்கப் இருக்கிறது என்று நம்ப வேண்டாம்.

---

பக்கமாக்கி எழுதியது:

ரொம்ப நன்றி தம்பி. எழுத்துரு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு சந்தேகம். என்னிடம் இருப்பது பிறருடைய கையெழுத்துப் பிரதிகள். இன்னும் வெளிவராத புத்தகங்கள். மேலே ஏற்றினால் வேறு யாராவது படிக்க முடியுமா?

---

காரைக்குடியான் எழுதியது:

முடியாது. டுப்ளிகாட்டி உங்கள் கம்ப்யூட்டரிலேயே மறையாக்கம் (கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்துவிட்டுத்தான் ஏற்றும். டிரைவில் போய்ப் பார்த்தால் உங்களுக்கே ஒரு கோப்பின் பெயரும் தெரியாது, 50 எம்பி அளவில் பொட்டலம் பொட்டலமாகக் கிடக்கும். ஆனால் நீங்கள் வைக்கும் கடவுச்சொல் தொலைந்தால் எல்லாம் தொலைந்தது, யாராலும் திறக்க முடியாது. அதைக் கம்ப்யூட்டரில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். காகிதத்தில் எழுதி, வீட்டுப் பத்திரம் வைக்கும் இடத்தில் வையுங்கள்.

---

அச்சுக்கூடம்_யாழ் எழுதியது:

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். காரைக்குடி அண்ணா எழுதியதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன்.

2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் இருந்த மேகக் (கிளவுட்) கட்டமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பில் இருந்த பேக்கப்பும் சேர்ந்தே பூட்டுப்பட்டது. தனியாகக் கழற்றி வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இல்லாதபடியால் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் போய்விட்டன. ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே இந்த நிலைமை.

ஆகவே ஆன்லைனில் ஒன்று இருந்தாலும், கம்பி கழற்றி வைத்த எக்ஸ்டேர்னல் டிஸ்கில் இன்னொன்று வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு இதுதான். கிழமைக்கு (வாரத்துக்கு) ஒருக்கால் எடுக்கச் சொன்னால் மறந்துவிடுவீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எங்கள் அச்சகத்தில் கிழமைக் கணக்கு இல்லை. ஒரு புத்தகம் பிளேட்டுக்கு (அச்சுத் தகட்டுக்கு) போகும் அன்று டிஸ்கை இணைத்துப் பிரதி எடுத்துவிட்டுத்தான் வேலைச் சிட்டையில் கையெழுத்து வைப்போம். அப்படிச் செய்தால் மறக்காது அக்கா.

---

பக்கமாக்கி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டுப்ளிகாட்டி போட்டாகிவிட்டது, 100 ஜிபி திட்டத்தில். முதல் ஏற்றம் காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து சாயங்காலம் ஆறரைக்கு முடிந்தது. அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. நானும் எழுந்து எழுந்து போய் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திறந்து பார்க்கச் சொன்னீர்கள் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனின் லேப்டாப்பில் டுப்ளிகாட்டியையும் பேஜ்மேக்கரையும் போட்டு, மேலேயிருந்து ஐயாவின் புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தையும் எழுத்துருக்களையும் இறக்கினேன். உடம்பு எழுத்து நன்றாக வந்தது. தலைப்புகள் மட்டும் குப்பையாக வந்தன. பயந்துவிட்டேன். தலைப்புக்கு வைத்த எழுத்துரு இந்த வருடம்தான் புதிதாகப் போட்டது, என் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பேக்கப்பில் இல்லை. ஃபாண்ட்ஸ் ஃபோல்டர் முழுவதையும் சேர்த்திருந்தேனே?

---

காரைக்குடியான் எழுதியது:

தப்பு என்னுடையது அக்கா, சொல்லியிருக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் 2018 கடைசியில் வந்த 1809 பதிப்பிலிருந்து, சாதாரணமாக இன்ஸ்டால் அழுத்தினால் எழுத்துரு உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் போகிறது. ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று உள்ளே உள்ளே போக வேண்டும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூவில் போய் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஃபோல்டரையும் சேர்த்தால் முடிந்தது.

---

பக்கமாக்கி எழுதியது:

சேர்த்துவிட்டேன் தம்பி. மறுபடி இறக்கிப் பார்த்தேன், தலைப்பும் சரியாக வந்தது. கடவுச்சொல் பத்திரப் பெட்டியில் இருக்கிறது, இன்னொரு தாள் அண்ணன் வீட்டில். யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னபடி எக்ஸ்டெர்னல் டிஸ்க் ஒன்றும் வாங்கினேன். ஐயாவின் புத்தகம் சிவகாசிக்குப் போன அன்று முதல் பிரதி எடுத்தேன்.

தாள் கட்டைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஐயாவிடம் கேட்டு, சிவப்பு மைத் திருத்தங்களோடு 412 பக்கத்தையும் ஸ்கேன் செய்தேன். ஓரங்களில் அந்தந்தச் சொல்லை எந்த ஊரில் யார் சொல்லக் கேட்டார் என்று பென்சிலில் குறித்திருக்கிறார், அது புத்தகத்தில் வரவில்லை. மொத்தம் 1.3 ஜிபி. நேற்று மத்தியானம் சாப்பிட்டு வந்து பார்த்தபோது ஏறி முடிந்திருந்தது.