முட்டை ஒவ்வாத குழந்தைக்குப் பிறந்தநாள் கேக்: நாலு முட்டைக்குப் பதில் தயிர் போதுமா?

கோவை அம்மா:
மகளுக்கு ஆறு வயது நிறையப் போகிறது. முட்டை அவளுக்கு ஒவ்வாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். இதுவரை பிறந்தநாளுக்குக் கேசரி, பாயசத்தோடு சமாளித்துவிட்டோம். இந்த வருடம் மெழுகுவத்தி ஊதி வெட்டும் கேக்தான் வேண்டும் என்கிறாள். என்னிடம் இருக்கும் வனிலா ஸ்பாஞ்ச் குறிப்பில் மைதா 120 கிராம், சர்க்கரை 120 கிராம், முட்டை 4. பேக்கிங் பவுடர்கூடக் கிடையாது. ஒரு முட்டைக்குக் கால் கப் தயிர் என்று எங்கே பார்த்தாலும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு கப் தயிர் ஊற்றிவிடலாமா? இல்லை, ஆளிவிதை நல்லதா? கட்லெட்டும் போடப் போகிறேன். முட்டையில் முக்காமல் ரஸ்க் தூள் ஒட்டுமா?

திருச்சி ஹோம் பேக்கர்:
இந்தக் குறிப்பில் தயிர் ஊற்ற வேண்டாம்மா. எட்டு வருடமாக வீட்டிலிருந்து கேக் செய்து கொடுக்கிறேன், வருகிற ஆர்டரில் பாதி முட்டை இல்லாததுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் குறிப்பில் கேக்கைத் தூக்கி நிறுத்துவதே முட்டைதான். சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அடிக்கும்போது அது காற்றைப் பிடித்து வைக்கிறது. அடுப்பின் சூட்டில் அதன் புரதம் இறுகி, உப்பிய கேக்கை அப்படியே நிறுத்திவிடுகிறது. தயிருக்கு இந்த இரண்டு வேலையும் வராது. 120 கிராம் மைதாவில் ஒரு கப் தயிர் விட்டால் நடுவில் களி போலத்தான் இருக்கும். கால் கப் கணக்கு தப்பில்லை. ஆனால் அது ஒன்றிரண்டு முட்டையும் பேக்கிங் பவுடரும் சேர்த்து எழுதிய குறிப்புக்கு. அங்கே முட்டை கொடுப்பது பெரும்பாலும் ஈரமும் கொஞ்சம் பிடிப்பும். மூன்று முட்டைக்கு மேல் போகிற குறிப்பை விட்டுவிட்டு, முதலிலிருந்தே முட்டை இல்லாமல் எழுதிய குறிப்பை எடுங்கள்.

நான் செய்வது இது. புளிக்காத கெட்டித் தயிர் 1 கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், இரண்டையும் சர்க்கரை கரையும்வரை கலக்க வேண்டும். அதில் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் குமிழ் குமிழாகப் பொங்கி வரும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு உண்டாவதுதான் அது. பிறகு அரை கப் சூரியகாந்தி எண்ணெய் (கடலெண்ணெய் வேண்டாம், வாசனை தூக்கும்), வனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன், கடைசியில் சலித்த மைதா ஒன்றரை கப். கட்டி உடைந்ததும் கையை நிறுத்திவிடுங்கள். 7 அங்குல டின்னில் ஊற்றி, முன்பே சூடேற்றிய அவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

ஆளிவிதையை நான் பிரவுனிக்கும் ஓட்ஸ் குக்கிக்கும்தான் வைத்துக்கொள்வேன். ஒரு டேபிள்ஸ்பூன் பொடி, மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீர், பத்து நிமிடம் ஊறினால் வழவழப்பாகி ஒரு முட்டைக்கு ஈடாகும். வெள்ளை ஸ்பாஞ்சில் போட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும், வாசனையும் மறையாது.

கட்லெட்டுக்குக் கவலையே வேண்டாம். மைதாவும் சோள மாவும் இரண்டிரண்டு ஸ்பூன், தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கரைத்து, முக்கி எடுத்து ரஸ்க் தூளில் புரட்டி, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் பொரியுங்கள்.

மதுரை அத்தை:
என் அண்ணன் பேரனுக்கும் இதே தொந்தரவு உண்டு, அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. பிறந்தநாளுக்குக் கடையில் பப்ஸ் வாங்குவதாக இருந்தால் யோசித்து வாங்கு. முட்டை பப்ஸும் காய்கறி பப்ஸும் ஒரே தட்டில்தான் பல இடத்தில் வருகின்றன, மேலே மினுக்க முட்டையும் தடவியிருப்பார்கள். பாக்கெட் பொருளில் பச்சைப் புள்ளி இருந்தால் முட்டை சேர்க்கவில்லை என்று அர்த்தம், ஆனாலும் ஒவ்வாமை எச்சரிக்கை வரியைப் படிக்காமல் எடுக்காதே. கேக் மேலே பூசும் ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். "வெந்த முட்டைதானே, கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம்" என்று சொந்தக்காரர்கள் யாராவது சொன்னால் கேட்காதே. அதெல்லாம் டாக்டர் கண் முன்னால் நடக்க வேண்டியது.

நியூஜெர்சி சித்தி:
இங்கே அட்டைப்பெட்டியில் "எக் சப்ஸ்டிட்யூட்" என்று வருவதில் பல, நிஜ முட்டையின் வெள்ளைக்கருவில் செய்தவை. வெளிநாட்டிலிருந்து யாராவது ஆசையாக வாங்கி வந்தால் பின்பக்கம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கேக்குக்கு நடுவே பூச கஸ்டர்ட் பவுடரில் கிரீம் காய்ச்சலாம். அந்தப் பவுடரே இப்படி ஒரு வீட்டில் பிறந்ததுதான். ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மருந்துக்கடை வைத்திருந்தார். மனைவிக்கு முட்டை ஒவ்வாது என்பதால் 1837-இல் சோள மாவில் கஸ்டர்ட் செய்தார். ஈஸ்ட்டும் அந்த அம்மாவுக்கு ஆகாது, அதற்காக 1843-இல் ஒரு பேக்கிங் பவுடரும் செய்தார். படித்ததிலிருந்து அந்த மனிதர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கோவை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. கஸ்டர்ட் கதையை மகளிடம் சொன்னேன், "அவங்களுக்கும் என்னை மாதிரியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். திருச்சி அக்கா, இரண்டு அடுக்காக வைக்க ஆசை. அவன் சின்னது, ஒரு டின்தான் உள்ளே போகும். மாவை மொத்தமாகக் கலந்து பாதியை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? தயிர் புளிப்பு தெரியாதே?

திருச்சி ஹோம் பேக்கர்:
புளிப்பு தெரியாது, சோடா அதை எடுத்துவிடும். அதற்காக சோடாவைக் கூட்டினால் சோப்பு வாடை வரும், அளவு மாற்றாதீர்கள். மொத்தமாகக் கலக்கவும் வேண்டாம்மா. காத்திருக்கும் மாவில் வாயு போய்விடும், இரண்டாவது அடுக்கு தட்டையாகிவிடும். முதல் டின் வெளியே வரப் பத்து நிமிடம் இருக்கும்போது அடுத்ததற்குத் தயிரும் சர்க்கரையும் கலக்க ஆரம்பியுங்கள், சரியாக இருக்கும். கேக் முழுதாக ஆறிய பிறகே கிரீம் பூசுங்கள். முந்தின நாள் ராத்திரியே சுட்டு மூடி வைத்தால் வெட்டும்போது உதிராது.